அறுபத்து நாலில் ஓடிய தெரு

நங்கூரத் தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நடப்பதும் கொட்டுவதும் கொதிப்பதும் கூவுவதும் எல்லாமே ஒரே தாளத்தில் வந்து விழுந்தபோது, அதை முதலில் கவனித்தவர் தையற்கடை பக்கீர் பாய்தான். அவரும் அதை முந்தின நாள் மிஷினுக்கு எண்ணெய் போட்டதன் பலன் என்று நினைத்துக்கொண்டு, எண்ணெய் விற்றவரை மனதுக்குள் வாழ்த்திவிட்டு, காலரைத் திருப்பி வைத்துத் தைக்கப் போய்விட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. குழாயடியில் குடங்கள் வைப்பதும் எடுப்பதும் மோதாமல் நடந்தது. டீக்கடை நயினார் ஆற்றிய டீ மேலே போகும்போது எதிர்வீட்டில் துவைக்கிற துணி கல்லில் விழுந்தது, டீ கீழே வரும்போது துணி மேலே எழுந்தது. காக்கைகள் ஒரு கா விட்டு, இடம் விட்டு, இன்னொரு கா விட்டன. கிளாரிந்தா அத்தையின் குக்கர் வாழ்நாளில் முதல் முறையாக அவள் எதிர்பார்த்த நேரத்தில் விசில் அடித்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள், அதிசயப்பட யாருக்கும் நேரமில்லை.

அந்த வேளையில் பதினாலாம் நம்பர் வீட்டு முன்னறையில் ஜெனோவா ஒரு குமிழைத் திருகி, சின்னத் திரையில் அறுபத்து நாலு என்ற எண் வந்ததும் கையை எடுத்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பதும், தூத்துக்குடியில் உள்ள பாதிக் கோயில்களின் மைக்குகளையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுதுபார்ப்பதும் அவள் தொழில். ஆசைக்கு அவள் செய்துகொண்டிருந்தது வேறு. மாடுலர் சிந்தசைசர் என்று அதற்குப் பெயர், கறுப்பு வெள்ளைக் கட்டைகளே இல்லாத கருவி. ஒலியை உண்டாக்க ஒரு துண்டு, அதை வடிகட்ட ஒரு துண்டு, ஏற்றி இறக்க ஒரு துண்டு என்று சோப்பு டப்பா அகலத்தில் தனித்தனியாகச் செய்து, ஒரே சட்டத்தில் திருகி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கலர் கலராக வயர்களைச் செருகினால்தான் அது வாய் திறக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குக் கல்யாண அலங்காரம் செய்தது மாதிரி இருக்கிறது என்பாள் கிளாரிந்தா அத்தை.

அந்தத் துண்டுகளில் கடைசியாக அவள் செய்து முடித்தது கிளாக். பெயர்தான் கிளாக், மணி காட்டாது, சத்தமும் போடாது. நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று வைத்துவிட்டால், மற்றத் துண்டுகளுக்கெல்லாம் இப்போது, இப்போது, இப்போது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எட்டுத் துளைகள் வழியாக அந்தத் துடிப்பு வெளியே போகும். ஒன்றைப் பாதி வேகத்துக்கும் இன்னொன்றை இரட்டை வேகத்துக்கும் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் ஒன்பதாவதாக ஒரு துளை உண்டு, அதைப் பற்றிப் பிறகு. சட்டத்தின் எர்த் வயரைக் கட்ட வீட்டுக்குள் இடமில்லாமல் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, தெருவின் அடிபம்பு இரும்பில் சுற்றியிருந்தாள் ஜெனோவா. காரணம் கேட்கிறவர்களுக்குத் தெரு இன்றைக்கும் சொல்லுகிற காரணம் இது ஒன்றுதான். திருப்திப்படாதவர்கள் அடிபம்பைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அவள் அந்தக் கிளாக்கைப் பாட்டுக்காகச் செய்யவில்லை, தஸ்நேவிசுக்காகச் செய்தாள்.

தஸ்நேவிஸ் எதிர்ப்பக்கத்து பேக்கரியில் மக்ரூன் போடுகிறவன். முட்டையின் வெள்ளையைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, அது பஞ்சாகப் பொங்கும்வரை அடித்து, முந்திரித் தூளும் சீனியும் கலந்து, சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்து வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவன் கைக்கு ஈடு கிடையாது. நாலு வயதிலிருந்து அவனுக்குப் பேச்சு திக்கும். பாடகர் குழுவில் நின்று பாடும்போது மட்டும் திக்காது. அந்தக் குழுவில்தான் ஜெனோவாவும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதும், பார்த்துக்கொண்டது ஊருக்குத் தெரிந்ததும், இரண்டு வீட்டாரும் பேசி முடித்ததும்.

போன ஜனவரியில் கல்யாணம். கோயில் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் வாய்ச்சொல் வேண்டும். இன்னார் ஆகிய நான் இன்னாராகிய உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையும் பெண்ணும் மைக்கில், எல்லாரும் கேட்க, தன் பெயரைத் தானே சொல்லிச் சம்மதிக்க வேண்டும். தஸ்நேவிசுக்கு உலகத்திலேயே கஷ்டமான சொல் அவன் பெயர்தான். முதல் எழுத்திலேயே நாக்கு மேல் பல்லில் ஒட்டியது ஒட்டியதுதான். ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது. அது ஜெனோவா பழுதுபார்த்த மைக், குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அவன் தொண்டைக்குள் நடந்த போராட்டம் முழுவதையும் அது கடைசிப் பெஞ்சு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைசிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பங்குச்சாமியார் இரக்கப்பட்டு, "தலைய ஆட்டினாப் போதும்ப்பா, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். தஸ்நேவிஸ் தலையை ஆட்டவில்லை. மாலையைக் கழற்றிப் பீடத்துப் படியில் வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டான். கல்யாணம் நடக்கவில்லை என்றாலும் ஆக்கிய பிரியாணி ஆக்கியதுதானே, தெரு முழுவதும் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, ச்சே பாவம் என்று சொல்லிக் கை கழுவியது.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் அவன் அவள் வாசலை மிதிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக் கேட்டில் ஒரு பொட்டலம் மட்டும் தொங்கும், உள்ளே உடைந்த மக்ரூன்கள். ஜெனோவா அழவில்லை, சால்டரிங் வைத்தாள். பாட்டில் திக்காத நாக்குக்குத் தாளம்தான் வழி என்று அவளுக்குப் பட்டது. ஜன்னலில் நின்று, எதிரே முட்டை அடிக்கிற அவன் கையைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு அறுபத்து நாலு அடி, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அந்தத் தாளத்தில் ஒரு சின்ன விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தால், அதைப் பூச்செண்டுக்குள் ஒளித்து வைத்தால், அவன் அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவான் என்று கணக்குப் போட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சும்மா ஓட்டிப் பார்க்கத்தான் போட்டாள்.

போட்ட கொஞ்ச நேரத்தில் பேக்கரியில் ஒரு அம்மாள், "இது இன்னைக்குப் போட்டதா?" என்று கேட்க, "இல்லம்மா, நேத்து அடுப்புல வச்சது, இன்னைக்கு எடுத்தது, நல்லா காஞ்சிருக்கு" என்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. சொன்னது யார் என்று தஸ்நேவிசே திரும்பிப் பார்த்தான். முந்திரி என்று சொல்லிப் பார்த்தான், வந்தது. தராசு என்று சொல்லிப் பார்த்தான், வந்தது. தன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு தலையில் இருந்த பேப்பர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பதினொரு மாதமாகத் தாண்டாத தெருவைத் தாண்டி, பதினாலாம் நம்பர் வாசலில் போய் நின்றான்.

"ஜெனோவா, அன்னைக்கு நான் வெளிய போனது ஒன்ன வேண்டாம்னு இல்ல. மாடு வாங்க வந்தவன் மாதிரி தலைய ஆட்டி ஒன்னக் கட்ட எனக்கு மனசில்ல. ஒன்ன நான் பேரு சொல்லிக் கட்டணும்."

ஜெனோவா சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைக்க மறந்து, மேஜையில் ஒரு ஓட்டை போட்டாள். பதினொரு மாதத்து அழுகை அப்போதுதான் வந்தது. அதுவும் அறுபத்து நாலில் வந்ததால் இடையிடையே மூக்கைச் சிந்த வசதியாக இருந்தது.

நங்கூரத் தெருவில் எது நடந்தாலும் அது கடைசியில் அன்பியக் கூட்டத்துக்கு வந்துவிடும். பங்கில் முப்பது, நாற்பது வீட்டுக்கு ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, பாட்டுப் பாடி, அப்புறம் சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று பேசி முடிப்பார்கள். கிளாரிந்தா அத்தைதான் தலைவி, அவள் பேச ஆரம்பித்தால் நாய்கூடத் தன் தரப்பைச் சொல்ல முடியாது. பக்கீர் பாயும் நயினாரும் அன்பியத்தில் சேர்ந்தவர்கள் இல்லை என்றாலும், சாக்கடை எல்லாருக்கும் பொது என்பதால் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார்கள். இப்போது தாளமும் பொது என்று ஆகிவிட்டதால் அவர்கள் நாற்காலி இரண்டடி உள்ளே வந்தது.

"அறுபத்து நாலுல எனக்கு ஆறு சட்டை வார எடத்துல நாலுதான் வருதும்மா" என்றார் பாய். "கிறிஸ்மஸ் துணி மலை மாதிரி கெடக்கு. எல்லாம் ஒங்க துணிதான்."

"எம் பிள்ள பொறந்ததுலேந்து இப்பத்தான் ஒழுங்கா தூங்குது, யாராவது மாத்துனீங்கன்னா நான் பொல்லாதவளாயிருவேன்" என்றாள் கைக்குழந்தைக்காரி மெர்சலின்.

கிளாரிந்தா அத்தை கையை உயர்த்தினாள். "ஏட்டி ஜெனோவா, இந்தப் பெட்டியில ஒத்தத் தாளந்தானா, இல்ல வீட்டுக்கு வீடு வேற குடுக்க முடியுமா?"

"எட்டு விதமா குடுக்கலாம் அத்தை. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு அஞ்சு அமைப்பு எழுதியும் வைக்கலாம். கரண்டு போனாலும் மறக்காது."

"அப்ப எழுது" என்றாள் அத்தை, கூட்ட நோட்டில் தாளம் என்று தலைப்புப் போட்டுக்கொண்டே.

அப்படித்தான் ஜெனோவா ஒரு தெருவுக்குத் தாளம் அமைத்தாள். குமிழை அழுத்திப் பிடித்தால் ஒன்றாம் துளை வரும், திருகினால் வேகம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும், இன்னொரு தரம் அழுத்தினால் அடுத்த துளை வரும். ஒன்று தெருவுக்குப் பொது. இரண்டு பக்கீர் பாய்க்கு, இரட்டை வேகம். மூன்று மெர்சலின் பிள்ளைக்கும் மத்தியானம் கண்ணயர்கிறவர்களுக்கும், பாதி வேகம். நயினார், தன் டீ தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுந்தால்தான் நுரை நிற்கும் என்று வந்து நின்றார், அதற்கும் கிளாக்கின் மெனுவில் இடம் இருந்தது. ஒவ்வொரு துளையிலும் ஒரு வயரைச் செருகி, மறுமுனையில் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினாள். அந்த முனை எதிலும் செருகப்படாமல் காற்றில் தொங்கியது, தெருவுக்கு அதுவே போதுமாக இருந்தது. காலையில் தொண்ணூறு, பாய் கெஞ்சிய நேரத்தில் நூற்றிருபது, சாப்பாட்டுக்குப் பின் நாற்பது, சாயங்காலம் எண்பது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் அறுபத்து நாலு. அதைத் தஸ்நேவிஸ் மணி என்று அத்தை தன் கையாலேயே எழுதி அடிக்கோடிட்டாள். ஜனவரியில் தின்ற பிரியாணி அவளுக்கு இன்னும் சரியாகச் செரித்திருக்கவில்லை.

பத்து நாளில் தெருவுக்கு அது பழகிப்போனது. வெளியூரிலிருந்து வந்த மருமகன்கள்தான் முதல் நாள் கால் பின்னித் தடுமாறினார்கள்; இரண்டாம் நாள் அவர்களும் சரியாகிவிட்டார்கள். ஆறு வருடமாகச் சண்டை போடுகிற மேலவீட்டு அக்காளும் கீழவீட்டு அக்காளும், ஒருத்தி முடிக்காமல் இன்னொருத்தி ஆரம்பிக்க முடியாமல் போனதால் அறுபத்து நாலில் சண்டை ருசிக்கவில்லை என்று சொல்லி, அதை நூற்றிருபதுக்கு மாற்றிக்கொண்டார்கள். தஸ்நேவிஸ் மட்டும் தினமும் பதினொரு மணி அடித்ததும் பேச ஆரம்பித்தான். முப்பத்திரண்டு வருடமாகச் சேர்ந்திருந்த பேச்சு அது, எல்லாமே இனிப்பாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. முன்னொரு பெருநாளுக்குத் தைத்த சட்டை கக்கத்தில் பிடித்தது என்று பாயிடம் சொன்னான். டீயில் சீனி கூட என்று நயினாரிடம் சொன்னான். நீங்க பாடுனா ஆர்மோனியமே கூச்சப்படுது என்று கிளாரிந்தா அத்தையிடம் சொன்னான். அத்தை அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனால் அடிக்கோட்டை அழிக்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுபடி நாள் குறித்தார்கள், ஜனவரி கடைசித் திங்கள்கிழமை. ஊரே சந்தோஷப்பட்டது. ஜெனோவாவும் சந்தோஷப்பட்டாள், பொய்யில்லை. ஆனாலும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அவன் வந்து பேசும்போது, சொற்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், கொடியில் காயப்போட்ட கைக்குட்டைகள் மாதிரி வரிசையாக வருவதைக் கேட்டு அவளுக்கு ஏனோ நெஞ்சு காலியாக இருந்தது. அவன் சிரிப்பும் தாளத்தில் வந்தது. முன்பெல்லாம் ஒரு சொல்லில் சிக்கும்போது புருவத்தைத் தூக்கி, இதோ வருகிறது பார் என்று கண்ணாலேயே அவளைக் கூட்டாளி ஆக்குவான். இப்போது புருவத்துக்கு வேலையில்லை. அதை அவனிடம் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. கால் வலிக்காரனுக்கு வலி போனதும், நீ நொண்டும்போது அழகாக இருந்தாய் என்று யாராவது சொல்வார்களா?

ஒரு நாள் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கழித்து, தன் மணி முடிந்த பிறகு, அவன் வந்தான்.

"அந்த ஒ... ஒரு மணி நேரம் பேசுறது யா... யாருன்னு எனக்குத் தெரியல, ஜெனோவா."

"யாரு?"

"பா... பாயோட மிஷின்னு நெனக்கேன்."

அவள் சிரித்தாள். புருவம் மேலே போனது, அவனும் சிரித்தான், ஒழுங்கில்லாமல், எப்போது முடியும் என்று தெரியாதபடி. பிறகு அவன் சட்டத்தின் மேல் குனிந்து, கிளாக்கின் ஓரத்தில் எந்த வயரும் செருகாமல் இருந்த ஒன்பதாவது துளையைக் காட்டி அது என்ன என்று கேட்டான்.

"அது உள்ள வாங்குற துளை. வெளியேந்து எதாவது துடிப்பு குடுத்தா, கிளாக் தன் எண்ண விட்டுட்டு அது பின்னால போகும்."

"எ... எதக் குடுக்கணும்?"

"எதையும் குடுக்கலாம். கோயில் மணி, மழை, மனுசன் சத்தம். வேகமா வந்தா வேகமா போகும், வரலன்னா நிக்கும்."

அவன் அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தான். "கோ... கோயில்ல அறுபத்து நாலே போ... போட்டிரு. ஒரு தடவ சொல்லிட்டாப் போதும். மி... மிச்சத்த வீட்டுக்கு வந்து பா... பாத்துக்கிடலாம்" என்றான். அவளும் சரி என்றாள். மறுபடியும் அவன் மாலையைக் கழற்றுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

கோயில் இரண்டு திருப்பம் தள்ளி இருந்தது. தெருமுனை மின்கம்பத்தைத் தாண்டினால் தாளம் கரைந்துவிடும். அதனால் கல்யாணத்தன்று சட்டத்தையே தூக்கிக்கொண்டு போய், பீடத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி மேஜையில் வைத்து, எர்த் வயரைப் பீடத்துக் கிராதியில் கட்டினார்கள். சாமியார் மறுப்பு சொல்லவில்லை, பூசையின் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே வேகமாகப் பூசை வைக்கிறவர் என்று பெயர். பட்டுச் சேலையும் தலையில் நெட் முக்காடுமாக நிற்கிற பெண் குமிழைத் திருக முடியாது என்பதால் அந்தப் பொறுப்பு கிளாரிந்தா அத்தைக்கு. "ரெண்டாம் அமைப்பு அத்தை, அதுக்கு மேல ஒண்ணையும் தொட்டிராதீங்க" என்று ஜெனோவா பத்து தடவை சொல்லியிருந்தாள். அத்தை ஒன்றையும் தொடவில்லை. தப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

திரையில் அறுபத்து நாலு ஓடியது. விசிறிகள் அதில் சுற்றின, மெழுகுவர்த்திகள் அதில் அசைந்தன. சாமியார் மைக்கை நீட்டினார். தஸ்நேவிஸ் வாயைத் திறந்தான். "தஸ்நேவிஸ் ஆகிய நான்" என்று சொன்னான், சுத்தமாக, ஒரு சிக்கல் இல்லாமல். ஆனால் அதைச் சொன்னது அவன் மட்டுமல்ல. பிறந்ததிலிருந்து செபமாலைக்கும் மன்றாட்டு மாலைக்கும் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள் அவை. பீடத்திலிருந்து ஒரு குரல் தாளத்தில் வந்தால் சேர்ந்து சொல்லாமல் இருக்க அவற்றுக்குத் தெரியாது. அதிலும் எல்லாரும் ஒரு மாதமாக இதே வரிக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பேரும் ஒரே குரலில், ஒரே மூச்சில், "தஸ்நேவிஸ் ஆகிய நான் ஜெனோவாவாகிய உன்னை" என்று கட்டுக்கோப்பாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கிளாரிந்தா அத்தை சொன்னாள், நயினார் சொன்னார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கீர் பாயும் உருக்கமாகச் சொன்னார். இன்னும் நாலு சொல் போயிருந்தால் தெரு முழுவதுக்கும் ஜெனோவாவைக் கட்டிவைக்க வேண்டிய நிலைமை சாமியாருக்கு வந்திருக்கும்.

தஸ்நேவிஸ் நிறுத்தினான். கையை உயர்த்தினான். அத்தை பதறிப்போய் ஓடுகிற கிளாக்கை நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள், கோயில் அடங்கியது.

"இ... இது" என்றான். "நா... நான் சொ..." அதற்கு மேல் வரவில்லை. அவன் கை தானாக மாலைக்குப் போனது.

ஜெனோவா அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்கு முன்னால் அந்தக் கை மாலைக்குப் போனபோது அவள் அசையாமல் நின்றாள். அதை நினைத்துத்தான் பதினொரு மாதமும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெட் பின்னால் இழுபட, ஒலிபெருக்கி மேஜைக்கு நடந்தாள். மைக்குகளைச் சேர்க்கிற மிக்சர் பெட்டியில் மைக்கின் சத்தம் வெளியே வருகிற துளை ஒன்று சும்மா கிடந்தது, அவளுக்குத் தெரியாத மிக்சரா. வயர்தான் இல்லை.

"பாய், ஒங்க வயரக் கொஞ்சம் எடுத்துக்கிடுதேன்."

"எடும்மா, எடு" என்றார் பாய்.

இரண்டாம் துளையில் இருந்த வயரைப் பிடுங்கி, ஒரு முனையை மிக்சரிலும், பாயின் பெயர் ஒட்டிய மறுமுனையை ஓரத்தில் இருந்த ஒன்பதாவது துளையிலும் செருகினாள். திரையில் அறுபத்து நாலு மறைந்து, எண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் வந்து காத்திருந்தன. அவள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். மாலையில் இருந்த கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"இனி ஒங்களுக்கு வாரப்போ வரட்டும்" என்றாள்.

தஸ்நேவிஸ் மைக்கைப் பார்த்தான். நாக்கை மேல் பல்லில் வைத்தான். எழுத்து வரவில்லை. அது வராததால் கோயிலில் வேறு எதுவும் வரவில்லை. விசிறிகள் பாதிச் சுற்றில் நின்றன. மெழுகுவர்த்திச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்தபடியே இருந்தது. நயினாரின் இருமல் தொண்டையில் நின்றது. வெளியே துறைமுகத்துக்குத் திரும்பிய லாரி ஹாரனை ஆரம்பித்து முடிக்காமல் வைத்திருந்தது. கடைசிப் பெஞ்சில் யாருக்காவது சிரிப்பு வந்திருந்தால் அதுவும் வந்த இடத்திலேயே காத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, கைக்கடிகாரங்களும் அவனுக்காகத்தான் நின்றன. நாலு வயதிலிருந்து அவன் தனியாக நின்று பழகிய அந்த இடத்துக்குள், முதல் முறையாக ஒரு தெருவே வந்து அவனோடு நின்றது. அங்கே இருட்டாக இல்லை, வெட்கமாகவும் இல்லை. கொஞ்சம் இடநெருக்கடி, அவ்வளவுதான்.

பிறகு அந்த எழுத்து வந்தது. விசிறிகள் ஒரு இறக்கை தூரம் நகர்ந்தன. அடுத்த எழுத்து வந்தது, சுடர் நிமிர்ந்தது. தஸ்நேவிஸ் என்ற பெயர் முழுதாக வெளியே வந்து மைக்கில் விழுந்தபோது நயினார் இருமினார், லாரி ஹாரனை முடித்தது, முந்நூறு பேர் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். அவன் அவசரப்படவில்லை. ஓடுகிற இடத்தில் ஓடினான், சிக்குகிற இடத்தில் நின்றான், நின்ற இடத்தில் எல்லாம் புருவத்தைத் தூக்கி ஜெனோவாவைப் பார்த்தான். இன்பத்திலும் துன்பத்திலும் என்ற இடத்தில் துன்பம் சட்டென்று வந்துவிட்டது, இன்பத்துக்குத்தான் நேரம் பிடித்தது. அதுவரை எல்லாரும் இருந்தார்கள்.

அவள் முறை வந்தபோது அவளுக்கும் முதல் எழுத்திலேயே நின்றது. கோயில் முழுவதும் அவன் தாளத்தில் இருந்தது, அவள் மட்டும் எப்படி விலக முடியும்? தன் பெயரைச் சொல்ல இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வழி முழுவதும் அவன் கூடவே வந்தான், பழகின ஆள் வழி காட்டுவது மாதிரி. "ஜெ... ஜெனோவா ஆகிய நான்" என்று அவள் சொன்னபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. தாலி கட்டினான். சாமியார் கையை விரித்துச் செபத்தை முடித்தார், அதற்கு முந்நூறு பேரும் சேர்ந்து, "ஆ... ஆ... ஆமென்" என்றார்கள். யாரும் கேலிக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் வந்தது.

பூசை முடிய வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூட ஆகிவிட்டது, வேகமாகப் பூசை வைக்கிறவர் என்ற பெயர் சாமியாரை விட்டுப் போனது. மைக்கை அணைக்கவோ வயரைப் பிடுங்கவோ யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தபோது பிரியாணி நன்றாக ஆறிப்போயிருந்தது. கிளாரிந்தா அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறுனாத்தான்டி ருசி" என்று முதல் உருண்டையை உருட்டினாள்.

அப்போது மாப்பிள்ளை பெண்ணின் இலையில் ஒரு நல்ல கறித்துண்டை எடுத்து வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"ஜெ..." என்றான்.

பந்தி முழுவதும் கைகள் வாய்க்குப் பக்கத்தில் நின்றன. ஊற்றிய தண்ணீர் டம்ளருக்கு மேலே நின்றது. முந்நூறு பேர் ஆறிய சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பசியோடு காத்திருந்தார்கள். ஜெனோவா அவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. அவள் பெயர் வந்துகொண்டிருந்தது.